வயலில் போட்ட யூரியா வானத்துக்குப் போகிறதே!

கொடுங்கையூர் என்று சொன்னால் எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "குப்பைமேடு இருக்கே, அந்தப் பக்கமா?" அந்தக் குப்பை மலை ஊரின் பெயரோடு அப்படி ஒட்டிக்கொண்டது. ஆனால், அந்த ஊருக்கும் நாம் மத்தியானம் சாப்பிடும் சோற்றுக்கும் ஒரு நேரடித் தொடர்பு இருக்கிறது. இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

வட சென்னை வீடுகளில் குளித்த, துவைத்த, கழுவிய தண்ணீரெல்லாம் பாதாளச் சாக்கடை வழியாகக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே சுத்தம் செய்யப்பட்ட தண்ணீரை 1990-களிலேயே வாங்கி, இன்னொரு முறை வடிகட்டிப் பயன்படுத்தத் தொடங்கிய ஆலை ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. மணலியில் உள்ள மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ். நம் ஊர் வாயில் எம்.எஃப்.எல். நெல் வயல்களுக்குப் போகும் 'விஜய்' யூரியா அங்கேதான் தயாராகிறது.

ஏரிகள் வறண்டு, சென்னையே குடத்தோடு தெருவில் நின்ற 2019-ம் ஆண்டில், கொடுங்கையூரில் இன்னொரு நிலையமும் வந்தது. நாள் ஒன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் அது. ஆலைகள் அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டால், அந்த அளவுக்குக் குடிதண்ணீர் மிஞ்சும் என்பது கணக்கு.

ஆக, நம் வீட்டுச் சாக்கடைத் தண்ணீரின் துணையோடு தயாரான யூரியா, லாரி ஏறிக் கிராமத்துக்குப் போகிறது. அங்கே என்ன ஆகிறது? மனம் கனக்கும் பதில்தான். தேங்கிய தண்ணீரில் வீசப்படும் யூரியாவில் நெற்பயிருக்குப் போய்ச் சேருவது, பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குதான். 100 ரூபாய்க்கு உரம் போட்டால் 30, 40 ரூபாய்க்குத்தான் பயிர் சாப்பிடுகிறது. மீதியில் கொஞ்சம் மண்ணில் தங்கும். பெரும்பகுதி காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும்.

'நமக்கென்ன வயலா இருக்கிறது?' என்று இதைக் கடந்து போய்விடாதீர்கள். வட சென்னையில் பாதி வீட்டுக்குப் பொன்னேரி, மீஞ்சூர், திருவண்ணாமலை, தஞ்சாவூர் என்று ஓர் ஊர் இருக்கும். அங்கே அப்பாவோ, மாமனாரோ, அண்ணனோ இன்னும் ஏர் கட்டிக்கொண்டிருப்பார். அவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் இது.

ஒரு மூட்டைக்குள் என்ன இருக்கிறது?

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான். ஆனால், கடலுக்கு நடுவே நிற்பவனுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாத கதைதான் பயிருக்கு. காற்றில் இருக்கும் நைட்ரஜனை அதனால் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. யாராவது உடைத்துக் கொடுக்க வேண்டும். ஆதிகாலம் தொட்டு அந்த வேலையைச் செய்துவந்தவை மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள நுண்ணுயிர்களும் வானத்து மின்னலும்தான்.

1909-ல் ஜெர்மனியில் ஃப்ரிட்ஸ் ஹேபர் என்ற வேதியியல் அறிஞர், காற்றின் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அதிக அழுத்தத்தில், கடும் சூட்டில் சேர்த்து அமோனியா ஆக்கிக் காட்டினார். கார்ல் போஷ் அதை ஆலை அளவுக்கு வளர்த்தார். 1913-ல் முதல் ஆலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் உள்ள யூரியா, டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் எல்லாவற்றின் தழைச்சத்துக்கும் தாய் அந்த அமோனியாதான்.

மணலி ஆலை 1966-ல் மத்திய அரசும் ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது. 1971-ல் உற்பத்தி ஆரம்பமானது. பக்கத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் நாப்தாவை வைத்தே பல காலம் அமோனியா செய்தார்கள். 2019-ல் எண்ணூர் துறைமுகத்தில் இயற்கை எரிவாயு முனையம் வந்தபிறகு எரிவாயுவுக்கு மாறினார்கள். அந்த எரிவாயு கப்பலில், அந்நியச் செலாவணி கொடுத்து வருவது. அமோனியாவோடு கரியமில வாயுவைச் சேர்த்தால் வெள்ளை வெளேரென்று ஜவ்வரிசி மாதிரி யூரியா.

அதில் 46 சதவீதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய 20.7 கிலோ. விவசாயி கொடுக்கும் விலை மூட்டைக்கு 266 ரூபாய் சொச்சம். உண்மையான அடக்க விலை இதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தை மானியமாக அரசு கொடுக்கிறது. அதாவது, நாம் எல்லோரும் கொடுக்கிறோம். மூட்டை மலிவாகக் கிடைப்பதால்தான் 'இன்னும் ஒரு கை கூடப் போட்டு வைப்போம்' என்ற பழக்கமும் வந்தது.

அமோனியாவுக்கு இன்னொரு முகமும் உண்டு

2023 டிசம்பர் 26. எண்ணூர் பெரியகுப்பம் கரையில் நள்ளிரவு நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்து, மூச்சு முட்டி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியிருந்தது. ஒரே மாதத்தில் இரண்டு அடி.

அந்த ஆலையில் தயாராவதும் வயலுக்குப் போகும் உரம்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த காம்ப்ளக்ஸ் உரம். உரம் வேண்டாம் என்று யாரும் சொல்லிவிட முடியாது, சோறு வேண்டுமே! ஆனால், இத்தனை ஆபத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு பகுதி மக்கள் வாழ, தயாராகிற பொருளில் பாதிக்கு மேல் வீணாகிறது என்றால், அதை யோசிக்காமல் இருக்க முடியுமா?

தேங்கிய தண்ணீரில் நடக்கும் திருட்டு

வீணாவது எப்படி என்று புரிந்துவிட்டால், தடுப்பது எப்படி என்பது தானாகப் புரியும்.

நெல் வயலில் விரலளவு தண்ணீர் நிற்கிறது. அதன் அடியில் சேறு. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால், அந்தச் சேறு இரண்டு அடுக்கு. மேலே ஒரு மெல்லிய தோல், சில மில்லிமீட்டர்தான். தண்ணீரில் கரைந்த காற்று அதுவரை இறங்கும் என்பதால் செம்பழுப்பாக இருக்கும். அதற்குக் கீழே காற்றே இல்லாத கருஞ்சாம்பல் சேறு. காலை விட்டு எடுத்தால் கொப்புளம் கிளம்புமே, அந்தச் சேறு.

யூரியாவைத் தண்ணீரில் வீசினால் அங்கேயே கரைந்துவிடும். இரண்டு மூன்று நாளில் நுண்ணுயிர்களின் நொதி அதை உடைத்து அம்மோனியமாக மாற்றும். இந்த அம்மோனியம் பயிருக்கு நல்ல சாப்பாடு. ஆனால், வேருக்குப் போவதற்குள் இரண்டு திருடர்கள் குறுக்கே நிற்கிறார்கள்.

முதல் திருடன் பகல் வெயில். வயல் தண்ணீரில் பாசி இருக்கிறது அல்லவா? வெயில் ஏறஏறப் பாசி தண்ணீரில் உள்ள கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரில் காரத்தன்மை கூடும். காலையில் 7-ல் இருந்த பி.ஹெச். உச்சிவேளையில் 9-ஐத் தொடும். அந்த நேரத்தில் அம்மோனியம், அமோனியா வாயுவாக மாறிப் பறந்துவிடும். காற்று வீசினால் இன்னும் வேகம். உரம் போட்ட வயலோரம் போகும்போது மூக்கில் லேசாக ஏறுகிற நெடி இருக்கிறதே, அது உங்கள் காசின் வாசனை!

இரண்டாம் திருடன் மண்ணுக்குள்ளேயே இருக்கிறான். சேற்றின் மேல்தோலில் காற்று இருப்பதால், அங்குள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டை மண் பிடித்து வைத்துக்கொள்ளாது. அது தண்ணீரோடு கீழே இறங்கும். கீழ்ச்சேற்றில் காற்றுக்குத் தவிக்கும் வேறு பாக்டீரியாக்கள், நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசிக்கும். மிஞ்சும் நைட்ரஜன் மறுபடியும் வாயுவாகி, எந்தக் காற்றிலிருந்து பிடித்தோமோ அந்தக் காற்றுக்கே திரும்பிப் போகும். அதில் ஒரு சிறு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைப்போல 270 மடங்கு வலியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் இதே வேலையை வேண்டுமென்றே செய்கிறார்கள். காற்றை ஊதி அம்மோனியத்தை நைட்ரேட் ஆக்குவது, பிறகு காற்றில்லாத தொட்டியில் விட்டு அதை வாயுவாக விரட்டுவது. சாக்கடையில் உள்ள தழைச்சத்து ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ப் பாசி மண்டிவிடக் கூடாதே! சுத்திகரிப்பு நிலையத்துக்கு எது வெற்றியோ, வயலுக்கு அது நஷ்டம். தேங்கிய தண்ணீரில் யூரியாவை வீசும்போது, நெல் வயலைக் கழிவுநீர்த் தொட்டி மாதிரி நடத்துகிறோம்.

இந்தக் கீழ்ச்சேற்று இழப்பை 1940-களிலேயே ஜப்பானிய மண்ணியல் அறிஞர் ஷியோயிரி எடுத்துக்காட்டினார். அவர் சொன்ன மருந்து எளிமையானது. உரத்தை மேலே தூவாதே, சேறு முழுவதும் கலந்துவிடு. அம்மோனியம் கீழ்ச்சேற்றில் நேரடியாகப் போய்ச் சேர்ந்தால், அங்கே அதை நைட்ரேட்டாக மாற்ற ஆள் இல்லை. களிமண் துகள்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். வேர் வந்து நிதானமாக எடுத்துக்கொள்ளும். நெல் வேருக்கு மேலிருந்து காற்றைக் கீழே இறக்கும் குழாய் வசதி இருப்பதால், சேற்றில் மூச்சு முட்டாது.

எந்த உரம் நெல்லுக்கு ஏற்றது?

இரண்டு திருடர்களையும் தெரிந்துகொண்டால் உரக்கடையில் குழப்பம் வராது.

*யூரியா:* தழைச்சத்து அதிகம், விலை குறைவு. போடும் முறை சரியாக இருந்தால் நெல்லுக்கு நல்ல உரம். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. வேம்பு, அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் வேகத்தைக் குறைக்கும். பிளைவுட் பசை செய்யவும் பாலில் கலப்படம் செய்யவும் மானிய யூரியா போவதைத் தடுப்பதும் இதன் நோக்கம். ஆனால், வேப்பெண்ணெய் பூசியிருக்கிறதே என்று தண்ணீரில் வீசினால் முதல் திருடன் விடமாட்டான். வாயுவாகப் பறப்பதைத் தடுக்க அது போதாது.

*அம்மோனியம் சல்பேட்:* தழைச்சத்து சுமார் 20 சதவீதம்தான். ஆனால், நேரடியாக அம்மோனியம், கூடவே கந்தகம். கந்தகக் குறையுள்ள மண்ணுக்கும் களர் நிலத்துக்கும் நல்லது. தழைச்சத்துக் கணக்கில் பார்த்தால் விலை கூடுதல். வடிகாலே இல்லாமல் வருஷம் முழுக்க ஊறிக் கிடக்கும் வயலில் கந்தகம் நச்சு வாயுவாக மாறி வேரைக் கறுப்பாக்கும். அங்கே வேண்டாம்.

*அம்மோனியம் குளோரைடு:* 25 சதவீதம் தழைச்சத்து. நெல்லுக்குப் பொருந்தும். ஆனால் உப்புத்தண்ணீர் ஏறிய மீஞ்சூர், பொன்னேரிக் கடலோர நிலங்களில் ஏற்கெனவே குளோரைடு அதிகம். அங்கே தவிர்ப்பது நல்லது.

*நைட்ரேட் உள்ள உரங்கள்:* கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் போன்றவை. தோட்டப் பயிருக்குச் சரி. தண்ணீர் கட்டும் நெல்லுக்கு அடியுரமாக வேண்டவே வேண்டாம். நைட்ரேட் பங்கு நேராக இரண்டாம் திருடன் கைக்குப் போகும்.

நைட்ரேட் என்றதும் மணலிக்காரர்களுக்கு 2020 ஆகஸ்ட் ஞாபகம் வரலாம். பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய அந்த வாரம், மணலி சரக்குப் பெட்டக நிலையத்தில் சுங்கத்துறை 2015-ல் பறிமுதல் செய்து வைத்திருந்த சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் நாடு முழுவதும் செய்தியானது. பிறகு கன்டெய்னர் கன்டெய்னராக ஹைதராபாத் பக்கம் அனுப்பினார்கள். அது வெடிமருந்துக்குப் பயன்படும் சரக்கு. நம் வீட்டு யூரியா மூட்டையோடு அதைக் குழப்பிக்கொண்டு பயப்பட வேண்டாம். இரண்டும் வேறு.

*டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ்:* டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து. 17:17:17, 20:20 போன்றவற்றில் மூட்டையிலேயே எண் இருக்கும். முதல் எண்தான் தழைச்சத்து. அடியுரத்துக்கு நல்லது. ஆனால், பலர் செய்யும் தவறு, இதிலுள்ள தழைச்சத்தைக் கணக்கில் கழிக்காமல் யூரியாவையும் முழுசாகப் போடுவது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டை போட்டால் 9 கிலோ நைட்ரஜன், அதாவது ஏறக்குறைய 20 கிலோ யூரியாவைக் கழித்துக்கொள்ளலாம்.

*நானோ யூரியா:* 2021-ல் வந்தது. அரை லிட்டர் பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம் என்று விளம்பரம். முதலில் வந்த பாட்டிலில் 4 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20 கிராம். மூட்டையில் இருப்பது 20 கிலோவுக்கு மேல். துகள் சிறியது என்பதால் இலை நன்றாக உறிஞ்சும் என்பது தயாரிப்பாளர் வாதம். பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் நடத்திய கள ஆய்விலோ, மூட்டை யூரியாவைக் குறைத்து நானோவை நம்பியபோது நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது. பாட்டிலை நம்பி மூட்டையை மொத்தமாகக் கைவிட வேண்டாம். கூட்டுறவுக் கடையில் மூட்டையோடு பாட்டிலையும் தலையில் கட்டினால் வேண்டாமென்று சொல்ல விவசாயிக்கு உரிமை உண்டு.

எவ்வளவு, எப்போது, எப்படி?

டெல்டாவில் சம்பா போன்ற மத்திய, நீண்டகால ரகங்களுக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்குக் கணக்கிட்டால் சுமார் 60 கிலோ. எல்லாவற்றையும் யூரியாவாகப் போட்டால் 130 கிலோ, கிட்டத்தட்ட மூன்று மூட்டை. மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டை சொல்லும் அளவுதான் சரியான அளவு.

இதை ஒரே மூச்சில் போடக் கூடாது. பச்சைக் குழந்தைக்கு ஒரு வாரத்துப் பாலை ஒரே வேளையில் கொடுப்போமா? நாலு பங்காகப் பிரிக்க வேண்டும். அடியுரமாக ஒன்று, தூர் கட்டும்போது ஒன்று, பூங்கதிர் உருவாகும்போது ஒன்று, கதிர் வெளிவரும்போது ஒன்று. இதில் பலர் கோட்டைவிடுவது மூன்றாவது. வெளியே கதிர் தெரியாது, தண்டுக்குள்ளே குருத்து உருவாகிக்கொண்டிருக்கும். எத்தனை மணி பிடிக்கும் என்பது அப்போதுதான் தீர்மானமாகிறது. அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி 60, 65 நாள் எண்ணினால் அந்தப் பருவம் வந்துவிடும். 135 நாள் ரகம் என்றால் விதைத்து 70-ம் நாளை ஒட்டி.

அடியுரத்தை எப்படிப் போடுவது? கடைசிச் சேற்றுழவுக்கு முன் தண்ணீரை வடித்து, உரத்தைத் தூவி, உழுது, பரம்பு அடித்து, பிறகு தண்ணீர் கட்டுங்கள். உரம் சேற்றோடு கலந்துவிடும். நட்ட பிறகு தண்ணீரில் வீசுவதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

மேலுரத்துக்கும் அதே விதிதான். முதல் நாளே மடையைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். சேறு பளபளவென்று தெரிய வேண்டும், பாளம் வெடிக்கக் கூடாது. களையை எடுத்துவிட்டு, இல்லையென்றால் களைக்குத்தான் விருந்து, யூரியாவைத் தூவுங்கள். வரிசை நடவு என்றால் கோனோவீடரை ஒரு ஓட்டு ஓட்டுங்கள். களையும் புதையும், உரமும் புதையும். ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துத் தண்ணீர் கட்டுங்கள். வரப்பில் எலி வளை, ஓட்டை இருந்தால் அதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் நம் உரம் பக்கத்து வயலுக்கோ வாய்க்காலுக்கோ போய்விடும்.

வடிகால் வசதியே இல்லாத பள்ளக்கால் வயலா? முடிந்தவரை தண்ணீர் குறைவாக உள்ள நாளைத் தேர்ந்தெடுங்கள். வெயில் தாழ்ந்தபின் போடுங்கள். இலையில் பனி ஈரம் இருக்கும் காலை நேரத்தில் வேண்டாம், யூரியா ஒட்டிக்கொண்டு இலை கருகும். மழை வரும்போல இருந்தால் ஒரு நாள் பொறுங்கள்.

ஒரு பழைய கைவைத்தியமும் பல்கலைக்கழகப் பரிந்துரையில் இருக்கிறது. 5 பங்கு யூரியா, 4 பங்கு ஜிப்சம், 1 பங்கு வேப்பம்புண்ணாக்கு. மூன்றையும் கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து மறுநாள் போட வேண்டும். உரம் மெதுவாகக் கரையும்.

வங்கதேசத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். யூரியாவை அழுத்திக் கோலிக்குண்டு போல உருண்டையாக்கி, நட்ட ஒரு வாரம் பத்து நாளில், நாலு குத்துக்கு நடுவே ஓர் உருண்டை வீதம் சேற்றில் 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் கையால் புதைக்கிறார்கள். ஒரே தடவைதான். யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம், விளைச்சலும் கூடுகிறது. ஆனால் கை வேலை அதிகம். குனிந்து குனிந்து உருண்டை வைக்க ஆள் கிடைப்பதுதான் சிரமம். நம்மூரில் இது பரவாததற்கு உருண்டை சுலபமாகக் கிடைக்காததும் ஆள் கூலியும் காரணங்கள். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு, உருண்டை கிடைத்தால், நல்ல வழி.

பயிரின் முகத்தைப் பார்த்துப் போடுங்கள்

வயலுக்குப் போகிறவர் எல்லோரும் சொல்வது, "பச்சை கொஞ்சம் வெளிறின மாதிரி இருக்கு, ஒரு மூட்டை தூக்கிப் போடு." வெளிறியிருக்கிறதா இல்லையா என்பதை மனசு சொல்லக் கூடாது. அதற்கு ஓர் அட்டை இருக்கிறது. இலை வண்ண அட்டை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியது. வெளிர்ப்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். வேளாண் விரிவாக்க மையத்தில் விசாரித்துப் பாருங்கள்.

நட்ட 14-ம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள், நோயில்லாத பத்துக் குத்துகளைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒப்பிடுங்கள். இலையைப் பறிக்க வேண்டாம். நேர் வெயில் படாமல் உங்கள் நிழலில் பாருங்கள். பத்தில் ஆறு இலைகள் 4-ம் எண்ணுக்குக் கீழே வெளிறியிருந்தால் உரம் போடலாம். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3. அது இயல்பிலேயே வெளிர்ப்பச்சை. ஒரு தடவைக்கு ஏக்கருக்கு 25 முதல் 30 கிலோ யூரியா போதும். வெளிறவில்லையா? மூட்டையைத் திருப்பி வைத்துவிட்டு அடுத்த வாரம் பாருங்கள். நிறம் பார்ப்பவர் ஒருவராகவே இருப்பது நல்லது. வீட்டுப் பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

கரும்பச்சையாக மின்னும் வயலைப் பார்த்து ஊரே கண் வைக்கும். பூச்சியும் வைக்கும்! தழைச்சத்து மிஞ்சிய பயிரின் இலை மெத்தென்று சாறு நிறைந்திருக்கும். இலைச்சுருட்டுப் புழு, புகையான், குலை நோய் எல்லாம் அங்கேதான் முதலில் வந்து இறங்கும். தண்டு உயரமாக, பலமில்லாமல் வளர்ந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரே ராத்திரியில் படுத்துவிடும். கூடுதலாகப் போட்ட யூரியாவுக்கு 266 ரூபாய்தான் செலவு. அதனால் வந்த பூச்சிக்கு மருந்தடிக்கும் செலவு எத்தனை என்று அடித்தவரைக் கேட்டுப் பாருங்கள். மண்ணில் இறங்கும் நைட்ரேட் கிணற்றுத் தண்ணீருக்கும் போகும். குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டினால், பால்பவுடர் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தையின் ரத்தத்துக்கு ஆக்சிஜன் சுமக்கும் திறன் குறையும் ஆபத்து உண்டு.

நடவுக்கு முன் கொஞ்ச நாள் இடைவெளி கிடைத்தால் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுங்கள். அதன் வேரில் உள்ள நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். எரிவாயுக் கப்பலும் வேண்டாம், கடலடிக் குழாயும் வேண்டாம். யூரியாவின் அளவை அதற்கேற்பக் குறைக்கலாம்.

ஊருக்கு அனுப்ப ஐந்து வரி

இந்தக் கட்டுரை முழுவதையும் வயலில் நின்று படிக்க அப்பாவுக்கு நேரம் இருக்காது. கீழே உள்ளதை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். எழுத்துப் படிக்கச் சிரமம் என்றால் வாய்ஸ் மெசேஜாகப் பேசி அனுப்புங்கள்.

1. தண்ணீரில் வீசாதீங்க. வடிச்சிட்டு, சேத்துல போட்டு, கலக்கி விடுங்க.

2. ஒரே தடவையா போடாதீங்க. நாலு பங்கா பிரிச்சுப் போடுங்க. பூங்கதிர் நேரத்தை விட்டுடாதீங்க.

3. டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் போட்டிருந்தா, அதுல உள்ள தழைச்சத்தை யூரியாவுல கழிச்சிடுங்க.

4. இலை வண்ண அட்டையைக் கேட்டு வாங்குங்க. இலை கேட்டா மட்டும் போடுங்க.

5. மழைக்கு முன்னாடி, பனி ஈரத்துல, உச்சி வெயில்ல போடாதீங்க.

மணலியில் ஒரு மூட்டை யூரியா தயாராக வெளிநாட்டு எரிவாயுவும், கொடுங்கையூர்த் தண்ணீரும், நம் வரிப்பணமும் வேண்டியிருக்கிறது. அத்தனையையும் கொட்டி வாங்கிய சத்தை, ஒரு நாள் மடையைத் திறந்து தண்ணீரை வடிக்கச் சோம்பிக் காற்றில் விட்டுவிடுகிறோம். உரத்தைக் குறைக்கச் சொன்னால் எந்த விவசாயியும் கோபப்படுவார், விளைச்சல் அவர் வயிற்றுப்பாடு. அதனால் அதைச் சொல்ல வேண்டாம். தண்ணீரை வடித்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். அளவு தானாகக் குறையும்.